உணவுக் கட்டுப்பாடும் மருந்து ஒவ்வாமையும் உள்ளவர்கள் சளி மருந்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சாதாரணச் சளியைக் குணப்படுத்தும் மருந்து என்று எதுவும் இதுவரை கிடையாது. 200-க்கும் மேற்பட்ட வைரஸ்கள் இந்தத் தொல்லையை உண்டாக்குகின்றன. அவற்றுள் ரைனோவைரஸ் இனத்தைச் சேர்ந்தவையே மிகுதி. பெரும்பாலோருக்கு 7 முதல் 10 நாட்களுக்குள் உடம்பு தானே தேறிவிடுகிறது; இருமல் மட்டும் சிலருக்கு 3 வாரம் வரை இழுக்கிறது. ஆன்டிபயாடிக் மருந்துகள் பாக்டீரியாவை எதிர்ப்பவை என்பதால் இதற்கு உதவுவதில்லை. மருந்துக்கடையில் சளிக்கென்று கிடைப்பவை மூக்கடைப்பு, தொண்டைவலி, காய்ச்சல், இருமல் ஆகியவற்றைச் சில மணி நேரத்துக்குத் தணிப்பவை மட்டுமே. உணவில் சிலவற்றை விலக்கியவர்களும், சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாதவர்களும் எல்லாவற்றுக்கும் முன்பு மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி இதுவே. சாதாரணச் சளிக்கு ஒரு மாத்திரையை வேண்டாமென்று விட்டுவிட்டால் குணமாவது தள்ளிப்போகாது. ஆகவே ஐயம் தீராத எதையும் அவசரப்பட்டு விழுங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஆயினும் இரவெல்லாம் மூக்கடைத்துத் தூக்கமின்றித் தவிப்பவரிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது தீர்வாகாது. கட்டுப்பாடுகள் எத்தனை இருந்தாலும், பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிட முடியும். அதற்கு இரண்டு அடுக்குகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும். ஒன்று, தொல்லையைத் தணிக்கும் மூலமருந்து. மற்றொன்று, அதை மாத்திரையாகவோ சிரப்பாகவோ ஆக்குவதற்குச் சேர்க்கப்படும் மாவு, சர்க்கரை, நிறமி, பசை, பதப்படுத்தி முதலான துணைப்பொருட்கள். வாய்வழி உட்கொள்ளும் 42,000-க்கும் மேற்பட்ட மருந்துகளின் துணைப்பொருட்களை அலசி 2019-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, சுமார் 93 விழுக்காட்டு மருந்துகளில் ஒவ்வாமையைத் தூண்டக்கூடிய பொருள் ஒன்றாவது இருப்பதாகவும், சுமார் 45 விழுக்காட்டில் பால் சர்க்கரையான லாக்டோஸ் இருப்பதாகவும் கண்டறிந்தது. மூலமருந்தை மட்டும் பார்த்துவிட்டுத் துணைப்பொருளைப் பார்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதை இந்த எண்களே காட்டுகின்றன.

உங்கள் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள்

உடம்பு நன்றாக இருக்கும்போதே ஒரு தாளை எடுத்து, உங்களுக்கு ஆகாதவற்றை மூன்று பகுதியாகப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது. முதற்பகுதி உண்மையான ஒவ்வாமைக்கு உரியது. உட்கொண்ட சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோலில் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவற்றை உண்டாக்கிய பொருட்கள் இங்கே வர வேண்டும். இவற்றில் சிறிதளவு பரவாயில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டாம் பகுதியில் ஒத்துக்கொள்ளாமையையும் பக்கவிளைவுகளையும் எழுதுங்கள்: பால் சாப்பிட்டால் வயிறு உப்புவது, காஃபின் பட்டால் நெஞ்சு படபடப்பது, ஒரு குறிப்பிட்ட மாத்திரை போட்டால் நாள் முழுவதும் தூங்கி வழிவது போன்றவை. இவை பெரும்பாலும் அளவைப் பொறுத்தவை. மூன்றாம் பகுதி நம்பிக்கையாலும் கொள்கையாலும் விலக்கியவற்றுக்கு உரியது: இறைச்சிவழிப் பொருள், பன்றிவழிப் பொருள், மது, தேன் போன்றவை.

இப்படிப் பிரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பால் ஆகாது என்ற ஒரே சொற்றொடரை மூன்று விதமான மனிதர்கள் சொல்லக்கூடும். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரிய தொல்லையின்றித் தாங்கிக்கொள்கிறார்கள். ஒரு மாத்திரையிலோ பொதுவாக அரை கிராமுக்கும் குறைவாகவே அது இருக்கிறது. ஆகவே இவர்கள் சில நாட்களுக்கு அத்தகைய மாத்திரையைச் சாப்பிடுவதில் பெரும்பாலும் சிக்கல் வராது. பால் புரதத்துக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர் தம் மருத்துவரிடம் கேட்ட பிறகே லாக்டோஸ் கலந்த மருந்தைத் தொட வேண்டும். பால் உட்பட விலங்குவழிப் பொருள் எதையும் உண்ணாத வீகன் ஒருவருக்கு இது அளவுப் பிரச்சினையே அன்று. மூவருக்கும் மருந்தாளுநர் தர வேண்டிய விடை வெவ்வேறானது. பட்டியல் தெளிவாக இருந்தால்தான் அவரால் சரியான விடையைத் தர முடியும். கேலக்டோசீமியா (பால் சர்க்கரையிலுள்ள கேலக்டோஸை உடம்பு கையாள இயலாமை), பினைல்கீட்டோனூரியா (புரதத்திலுள்ள பினைல்அலனினைக் கையாள இயலாமை), பிறவியிலேயே வரும் ஃபிரக்டோஸ் (பழச்சர்க்கரை) ஏற்காமை ஆகிய வளர்சிதை நோய்கள் ஒவ்வாமையில் சேரமாட்டா என்றாலும், அவற்றை முதற்பகுதிக்குரிய கண்டிப்புடனேயே நடத்த வேண்டும்.

கொள்கைக் காரணங்களைச் சொல்லத் தயங்குபவர்கள் பலர். உயிர் காக்கும் மருந்துக்கு விலக்கு உண்டு என்று பல சமய மரபுகளும் சொல்கின்றன. ஆனால் சளி அத்தகைய நெருக்கடி அன்று, மாற்றும் பெரும்பாலும் கிடைக்கிறது. எனவே தயக்கமின்றிக் கேளுங்கள். ஒவ்வாமையைப் போலவே இதற்கும் நேரான பதில் பெறும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அதே தாளின் பின்பக்கத்தில் உங்களுக்குள்ள நோய்களையும் அன்றாடம் சாப்பிடும் மருந்துகளையும் எழுதுங்கள். இரத்த அழுத்தம், இதயநோய், சர்க்கரை, ஆஸ்துமா, வயிற்றுப்புண், சிறுநீரக அல்லது கல்லீரல் கோளாறு, தைராய்டு, கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், கர்ப்பம், தாய்ப்பால் ஊட்டுதல் ஆகிய ஒவ்வொன்றும் ஏதாவதொரு சளி மருந்தை விலக்கக் காரணமாகும். மனச்சோர்வுக்கான மருந்துகளையும் இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.

ஒரு தொல்லைக்கு ஒரு மூலமருந்து

கட்டுப்பாடுகள் உள்ள ஒருவருக்கு நான் ஒரே ஓர் அறிவுரைதான் சொல்லலாம் என்றால் அது இதுவாகவே இருக்கும்: பல மருந்துகளை ஒன்றாகக் கலந்த சளி மாத்திரையை வாங்காதீர்கள், உங்களை உண்மையில் வருத்தும் ஒரு தொல்லைக்கு ஒரு மூலமருந்து மட்டும் உள்ளதை வாங்குங்கள். சளி, காய்ச்சல், தலைவலி, இருமல் அனைத்துக்கும் என்று விற்கப்படும் மாத்திரையில் பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின், சில சமயம் காஃபின் ஆகியவை ஒன்றாக இருக்கும். உங்களுக்கு மூக்கு மட்டுமே அடைத்திருந்தால் மற்றவை தேவையின்றி உடம்புக்குள் போகின்றன. தோலில் தடிப்பு வந்துவிட்டால், நான்கில் எது காரணம் என்று கண்டுபிடிக்க வழியில்லாமல் நான்கையும் காலமெல்லாம் விலக்க நேரிடும்.

பாராசிட்டமால் இரட்டிப்பாவது இதிலுள்ள மற்றோர் ஆபத்து. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு பொதுவாக 4 கிராம். 500 மில்லிகிராம் மாத்திரையை இரண்டிரண்டாக நான்கு வேளை சாப்பிடுபவர் அந்த எல்லையை ஏற்கெனவே தொட்டுவிடுகிறார். அதன்மேல் வெந்நீரில் கலக்கும் சளிப் பொடியையும் குடித்தால், அதிலுள்ள பாராசிட்டமாலும் சேர்ந்து கல்லீரலைத் தாக்கும் அளவுக்குப் போய்விடலாம். சில நாடுகளின் மேலட்டைகளில் இதே மருந்து அசெட்டமினோஃபென் என்று அச்சிடப்பட்டிருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்கள் ஆகியோருக்கு 4 கிராமே அதிகம். அவர்கள் மருத்துவர் சொல்லும் குறைந்த அளவிலேயே நிற்க வேண்டும்.

மூலமருந்துகளில் யாருக்கு எது ஆகாது

காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமாலே பெரும்பாலோருக்கு முதல் தேர்வு. ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன், ஆஸ்பிரின் ஆகியவை ஒரே குடும்பத்தைப் போலச் செயல்படுபவை. ஒன்று ஆகாதவருக்கு மற்றவையும் ஆகாமல் போகும் வாய்ப்பு அதிகம். குறிப்பாக, ஆஸ்துமாவும் மூக்கினுள் பாலிப் வளர்ச்சியும் உள்ளவர்களில் சிலருக்கு இவை கடும் மூச்சுத்திணறலை உண்டாக்குகின்றன. அவர்களுக்குப் பாராசிட்டமால் பொதுவாகப் பாதுகாப்பானது. ஆனால் ஒரே வேளையில் 1000 மில்லிகிராம் அளவுக்குப் போனால் சிலருக்கு லேசான இரைப்பு வரக்கூடும் என்பதால், எந்த அளவு தங்களுக்குச் சரி என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ளவர்களும், 20 வாரம் கடந்த கர்ப்பிணிகளும் ஐபுப்ரோஃபென் வகையைத் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வைரஸ் காய்ச்சலில் இருக்கும் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் ஆஸ்பிரின் தந்தால் ரேய் நோய்க்குறி என்ற அரிய, ஆனால் உயிருக்கே உலைவைக்கும் பாதிப்பு வரக்கூடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஆஸ்பிரின் குடும்பம் இரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டுகிறது. பாராசிட்டமாலைக்கூடப் பல நாட்கள் தொடர்ந்து எடுத்தால் இரத்தம் உறையும் நேரம் மாறலாம்.

இந்தக் குடும்பம் எதிர்பாராத இடங்களிலும் ஒளிந்திருக்கிறது. தொண்டைவலிக்கென்று சப்பும் மாத்திரைகளில் ஒரு வகை ஃபுளூர்பிப்ரோஃபென் கொண்டது. மிட்டாய் போலத் தெரிந்தாலும் அது ஐபுப்ரோஃபெனின் உறவு. வாய்ப்புண்ணுக்குத் தடவும் சில ஜெல்களிலும் வலித் தைலங்கள் சிலவற்றிலும் ஆஸ்பிரினுக்கு நெருங்கிய சாலிசிலேட் இருக்கிறது. ஆஸ்பிரின் ஆகாது என்று தெரிந்தவர்கள் மாத்திரை அட்டையை மட்டுமன்றி இவற்றின் அட்டைகளையும் படிக்க வேண்டும்.

மூக்கடைப்புக்கு வாய்வழி தரப்படுபவை சூடோஎஃபெட்ரினும் ஃபினைலெஃப்ரினும். இரண்டும் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வேலை செய்பவை. கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம், இதயநோய், கண்ணழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், மிகைத் தைராய்டு உள்ளவர்களும், மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான் வகை மனச்சோர்வு மருந்தைச் சாப்பிடுபவர்களும் இவற்றைத் தவிர்க்க வேண்டும். சூடோஎஃபெட்ரின் தாய்ப்பால் சுரப்பையும் குறைக்கலாம். ஃபினைலெஃப்ரினைப் பொறுத்தவரை வேறொரு செய்தியும் உண்டு. வாய்வழி உட்கொள்ளும்போது வழக்கமான அளவில் அது மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாக முடிவு செய்தது. 2024 நவம்பரில் அதை மருந்துச்சீட்டின்றி வாங்கக்கூடிய மருந்துகளிலிருந்து நீக்க அந்நிர்வாகம் முன்மொழிந்தது. பயனே ஐயத்துக்குரிய ஒரு மருந்துக்காகப் பக்கவிளைவைத் தாங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து.

ஆக்சிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் போன்ற மூக்குச் சொட்டுகள் விரைவாக வேலை செய்கின்றன. ஆனால் பொதுவாக 3 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தை நிறுத்தும்போதெல்லாம் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கத் தொடங்கும். வாய்வழி மருந்துகளைத் தவிர்க்க வேண்டிய நோயாளிகள் இச்சொட்டுகளையும் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். கட்டுப்பாடுகள் மிகுதியாக உள்ளவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது வெறும் உப்புநீர்ச் சொட்டையோ தெளிப்பையோதான். சர்க்கரையில்லை, மதுவில்லை, விலங்குப் பொருளில்லை. மற்ற மருந்துகளுடன் மோதுவதும் இல்லை. பதப்படுத்தியாகச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு மூக்கை எரிச்சலூட்டுவதாக உணர்பவர்கள் பதப்படுத்தி இல்லாத வகையைக் கேட்டு வாங்கலாம். வீட்டிலேயே உப்புநீரால் மூக்கைக் கழுவுபவர்கள் கொதிக்கவைத்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ மட்டுமே பயன்படுத்த வேண்டும். குழாய்நீரை அப்படியே மூக்கில் செலுத்தினால் அரிதாக மூளையைத் தாக்கும் அமீபா உள்ளே போகும் ஆபத்து உண்டு.

மூக்கொழுகலுக்கும் தும்மலுக்கும் குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்ற பழைய தலைமுறை ஒவ்வாமை மருந்துகள் ஓரளவு உதவுகின்றன. தூக்கம், வாய் உலர்தல், மலச்சிக்கல், சிறுநீர் தங்குதல் ஆகியவை இவற்றோடு வருபவை. முதியவர்களுக்குக் குழப்பமும் தடுமாறி விழுதலும் நேரலாம். தூக்கம் குறைவாகத் தரும் செட்டிரிசின், லொராட்டடின் ஆகியவை ஒவ்வாமைத் தும்மலுக்கு நல்லவை, சளிக்கு அவ்வளவாகப் பயன் தருவதில்லை.

இருமல் மருந்துகளின் பயனுக்கு ஆதாரம் பொதுவாகவே வலுவற்றது. வறட்டு இருமலுக்குத் தரப்படும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், மனச்சோர்வுக்கான பல மருந்துகளோடு சேரும்போது செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் மிகுந்து நடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பம் ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். இருமலை அடக்கும் மற்றொரு மருந்தான கோடீனைச் சிலருடைய உடம்பு மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடுகிறது. அவர்களுக்கு வழக்கமான அளவே மூச்சை மந்தமாக்கும் என்பதால் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடாது. சளியை இளக்கும் குவைஃபெனசின் பொதுவாக மற்ற மருந்துகளுடன் மோதுவதில்லை. அம்ப்ராக்சாலும் புரோம்ஹெக்சினும் மிக அரிதாகக் கடும் தோல் பாதிப்பை ஏற்படுத்தியுள்ளன. இவற்றை எடுக்கும்போது தோலில் தடிப்பு வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

மாத்திரையா, கேப்சூலா, சிரப்பா?

மூலமருந்தை முடிவு செய்த பின்பு எந்த வடிவில் வாங்குவது என்பதைப் பாருங்கள். உணவுக் கட்டுப்பாட்டுச் சிக்கல்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும்.

கேப்சூல்களின் ஓடு பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது; அது மாடு அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுக்கப்படுவது. திரவம் அடைத்த மென்மையான கேப்சூல்களில் தாவர ஓடு அரிது. ஹைப்ரோமெல்லோஸ் என்று குறிப்பிட்டிருந்தால் அது தாவர நார்ப்பொருளிலிருந்து செய்யப்பட்ட ஓடு. உண்ணிக்கடிக்குப் பின் வந்து மாடு, பன்றி முதலியவற்றின் இறைச்சியை ஆகாததாக்கும் ஆல்ஃபா-கால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஜெலட்டின் கொள்கைப் பிரச்சினை மட்டுமன்று, உடல்நலப் பிரச்சினையும்கூட. ஓட்டைப் பிரித்து உள்ளிருக்கும் தூளை மட்டும் சாப்பிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மெதுவாகக் கரையும்படி அமைக்கப்பட்ட மருந்து அப்படிச் செய்தால் ஒரேயடியாக உடம்பில் கலந்துவிடும் என்பதால், மருந்தாளுநர் சரியென்று சொல்லாமல் அதைச் செய்யக் கூடாது.

சாதாரண மாத்திரை பெரும்பாலும் பாதுகாப்பான தேர்வு. அதிலும் பூச்சோ நிறமோ இல்லாத வெள்ளை மாத்திரை நல்லது. சிவப்பு நிறத்துக்குச் சேர்க்கப்படும் கார்மைன், பூச்சியிலிருந்து எடுப்பது. ஆங்கில 'ஈ' எழுத்துடன் 120 என்ற எண்ணாகவும் அது அச்சிடப்படுவதுண்டு. பளபளப்புக்குப் பூசும் ஷெல்லாக் அரக்குப்பூச்சியின் சுரப்பு. மஞ்சள் நிறமியான டார்ட்ராசின் சிலருக்குத் தடிப்பையும் இரைப்பையும் தூண்டுகிறது. மெக்னீசியம் ஸ்டியரேட் ஏறக்குறைய எல்லா மாத்திரைகளிலும் மிகச் சிறிதளவு இருக்கும். அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம், அட்டையைப் பார்த்து அதை அறிய இயலாது. ஸ்டார்ச் என்று மட்டும் போட்டிருந்தால் அது மக்காச்சோளமா, உருளைக்கிழங்கா, கோதுமையா என்று கேட்க வேண்டும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதம் ஆகாத சீலியாக் நோயாளிகளுக்கு ஓர் ஆறுதல்: வாய்வழி மருந்துகளில் கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பது அரிது, சேர்த்தாலும் அதிலுள்ள குளூட்டன் மிகமிகக் குறைவு. கோதுமை ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் அதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

சிரப்புகளை நான் கடைசித் தேர்வாகவே வைப்பேன், ஏனென்றால் துணைப்பொருட்கள் மிகுதியாகக் குவிவது அங்கேதான். 5 மில்லிலிட்டரில் 3 கிராம் சர்க்கரை உள்ள ஒரு சிரப்பை 10 மில்லிலிட்டர் வீதம் நான்கு வேளை குடித்தால் நாளொன்றுக்கு 24 கிராம் சர்க்கரை சேர்கிறது. சர்க்கரை நோயாளிக்கு இது புறக்கணிக்கத்தக்க அளவு அன்று. சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படுபவற்றில் இனிப்புக்காகச் சார்பிட்டாலோ மால்டிட்டாலோ இருக்கும்; குடல் எரிச்சல் உள்ளவர்களுக்கு இவை வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும், ஃபிரக்டோஸ் ஏற்காமை உள்ளவர்களுக்குச் சார்பிட்டால் ஆபத்தானது. அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பு இருந்தால் பினைல்கீட்டோனூரியா உள்ளவர்கள் தொடக் கூடாது. சில சிரப்புகளில் 10 விழுக்காடு வரை ஆல்கஹால் உண்டு. மதுவை விலக்கியவர்கள், மதுப்பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருப்பவர்கள், மதுவை நிறுத்துவதற்கான டைசல்ஃபிராம் மருந்தைச் சாப்பிடுபவர்கள் ஆகியோர் ஆல்கஹால், எத்தனால், எலிக்சிர் ஆகிய சொற்களைத் தேடிப் பார்க்க வேண்டும். மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களும் ஆல்கஹால் இல்லாததையே கேட்டு வாங்குவது நல்லது.

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளைப் பற்றி யாரும் போதிய அளவு எச்சரிப்பதில்லை. நுரை வருவதற்குச் சோடியம் பைகார்பனேட் தேவை. 500 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ள அத்தகைய மாத்திரை ஒன்றில் 400 மில்லிகிராம் அளவுக்குச் சோடியம் இருக்கக்கூடும். நாளொன்றுக்கு எட்டு மாத்திரை என்றால் 3,200 மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் எல்லையோ உணவையும் சேர்த்து 2,000 மில்லிகிராமுக்கும் குறைவு. உப்பைக் குறைத்துச் சாப்பிடும் இரத்த அழுத்த நோயாளி ஒருவர், உணவில் காட்டிய கட்டுப்பாடு முழுவதையும் இந்த ஒரு குவளையில் இழந்துவிடுவார். அவருக்கு அதே பாராசிட்டமால் சாதாரண மாத்திரையாகவே போதும்.

அட்டையைப் படிப்பதும் கேட்பதும்

மேலட்டையின் முன்பக்கம் விளம்பரத்துக்கானது. உங்களுக்கு வேண்டிய செய்தி பின்பக்கத்திலும், உள்ளே மடித்து வைத்த தாளிலும் இருக்கிறது. முதலில் மூலமருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் பாருங்கள். பிறகு துணைப்பொருட்கள் அல்லது செயல்படாப் பொருட்கள் என்ற தலைப்பைத் தேடிப் பட்டியல் முழுவதையும் படியுங்கள். பல நாடுகளில் அட்டையில் துணைப்பொருட்களை முழுமையாக அச்சிட வேண்டிய கட்டாயம் இல்லை; அப்போது தாளில் தேடவும், அங்கும் இல்லையென்றால் தயாரிப்பாளரிடம் கேட்கவும் வேண்டும்.

ஒரே பெயரில் விற்கப்படும் மாத்திரை, கேப்சூல், சிரப் மூன்றிலும் துணைப்பொருட்கள் வெவ்வேறாக இருக்கும். ஒரே மூலமருந்தை இரண்டு நிறுவனங்கள் தயாரித்தாலும் அப்படியே. முன்பு ஒத்துக்கொண்ட மருந்தின் கலவை அறிவிப்பின்றி மாறியிருக்கவும் கூடும் என்பதால், ஒவ்வொரு முறை வாங்கும்போதும் தாளைப் புதிதாகப் படியுங்கள். வழக்கமான நிறுவனத்தின் மருந்து இல்லையென்று கடையில் வேறொன்றைத் தந்தால், அதை வாங்கும் முன்பே பட்டியலை ஒப்பிட வேண்டும்.

இது சைவமா என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும். இதிலுள்ள ஜெலட்டின், மெக்னீசியம் ஸ்டியரேட், கிளிசரின் ஆகியவை எதிலிருந்து எடுக்கப்பட்டவை, ஸ்டார்ச் எந்தத் தானியத்தினுடையது என்று குறிப்பாகக் கேளுங்கள். அட்டையிலுள்ள தொகுதி எண்ணையும் சேர்த்துச் சொன்னால் தயாரிப்பாளரால் துல்லியமாகப் பதிலளிக்க முடியும். பெயர் ஒற்றுமையால் வரும் குழப்பத்தையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் ஆகாதவருக்குச் சல்ஃபைட் பதப்படுத்தியும் ஆகாது என்பதில்லை, இரண்டும் வேறு வேறு பொருட்கள்.

இயற்கையானவை என்று விற்கப்படுபவை

மூலிகை என்பதால் மேற்சொன்ன சோதனைகளிலிருந்து எதற்கும் விலக்கில்லை. இருமல் சிரப்புகளிலும் சப்பும் மாத்திரைகளிலும் சேரும் அதிமதுரம், தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தத்தை ஏற்றிப் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீரிறக்கி மாத்திரையோ டிகாக்சின் என்ற இதய மருந்தோ சாப்பிடுபவர்களுக்கு இது இதயத்துடிப்பையே பாதிக்கலாம். எக்கினேசியா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்துச் செடிகளின் மகரந்தம் ஆகாதவர்கள் தவிர்க்க வேண்டும். தேனீ ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் புரோபோலிஸ் என்ற தேனீப் பிசின் கலந்த தொண்டைத் தெளிப்புகள் ஆபத்தாகலாம். கற்பூரம் சேர்ந்த தைலங்களை விழுங்குவதோ, 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பூசுவதோ கூடாது.

இருமலுக்குத் தேன் ஓரளவு உதவுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் போட்டுலிசம் என்ற நச்சுநோய் வரக்கூடும் என்பதால் ஒருபோதும் தரக் கூடாது. தேனை விலக்கியவர்களுக்கு வெதுவெதுப்பான நீரும், உப்புநீரால் கொப்பளிப்பதும் தொண்டைக்கு இதமளிக்கும். சிறு குழந்தைகளுக்குக் கடையில் கிடைக்கும் சளி, இருமல் மருந்துகளைத் தாமாகத் தர வேண்டாம்; 4 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று சில நாடுகளும், 6 வயதுக்குக் கீழே வேண்டாம் என்று சில நாடுகளும் வரையறுத்துள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு

ஐம்பது வயதுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்; ஆஸ்பிரின் போட்டபோது ஒருமுறை மூச்சிரைப்பு வந்தது; புலால் உண்ணாதவர். இப்போது தலைவலி, மூக்கடைப்பு, லேசான காய்ச்சல். கடையில் முதலில் கண்ணில் படுவது பலவும் கலந்த சிவப்பு நிறக் கேப்சூல். அதன் ஓடு ஜெலட்டின், நிறம் கார்மைனாக இருக்கக்கூடும், உள்ளே இரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்து: மூன்று காரணங்களால் அது விலகுகிறது. அடுத்து ஐபுப்ரோஃபென், பழைய மூச்சிரைப்பால் விலகுகிறது. கரையும் பாராசிட்டமால் சோடியத்தால் விலகுகிறது. மிஞ்சுவது பூச்சற்ற வெள்ளைப் பாராசிட்டமால் மாத்திரை, 500 மில்லிகிராம், மூக்குக்குத் தனியே உப்புநீர்த் தெளிப்பு. மெக்னீசியம் ஸ்டியரேட்டின் மூலத்தை மட்டும் கேட்டறிந்தால் போதும். தொண்டைக்குச் சப்பும் மாத்திரை வேண்டுமென்றால் ஃபுளூர்பிப்ரோஃபென் இல்லாததாகப் பார்த்து வாங்குவார்.

முதல் வேளையும் அதன் பிறகும்

புதிய மருந்தை முதன்முறையாக எடுக்கும்போது பகலில், வீட்டில் ஒருவர் உடனிருக்கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வேறு புதிய மருந்தையோ உணவையோ சேர்க்காதீர்கள். பெரும் ஒவ்வாமை ஏற்கெனவே வந்தவர்கள் வீட்டில் இப்படிச் சோதித்துப் பார்ப்பதே கூடாது; அவர்களுக்கு அது மருத்துவர் முன்னிலையில் நடக்க வேண்டிய வேலை. முகமோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு இரைத்தாலும், உடம்பெங்கும் தடித்து மயக்கம் வந்தாலும் உடனே அவசர உதவியை அழைக்க வேண்டும். அட்ரினலின் ஊசி கைவசம் உள்ளவர்கள் அதைத் தாமதமின்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். காய்ச்சல் 3 நாட்களுக்கு மேல் நீடித்தாலும், நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலும், தேறிவந்த உடம்பு மறுபடி மோசமானாலும் கடை மருந்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்து ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மேலட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மூலமருந்து, நிறுவனம், வடிவம், தொகுதி எண், எடுத்த நேரம், நேர்ந்த விளைவு ஆகியவற்றை அந்தப் பட்டியல் தாளிலேயே குறித்து, அட்டையின் இருபுறத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால், அந்தப் படத்தை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் காட்டி, உங்கள் பதிவேட்டில் மருந்தின் பெயரோடு எந்த விதமான எதிர்விளைவு வந்தது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.